தினசரி ஓட்டுற ஜிப்ஸிக்கு எந்த கிளட்ச்? பிடிய விட சூட்டைப் பாருங்க

மாருதி ஜிப்ஸி வச்சிருக்கிறவங்க நிறைய பேரு கேக்குறது இதுதான், கிளட்ச் சீக்கிரம் போயிடுது, ஸ்டேஜ் 2 போடலாமா ஸ்டேஜ் 3 போடலாமா (பிடி கூட்டின கிளட்ச் செட்டுக்கு கடைல சொல்ற படி), செராமிக் போட்டா அப்புறம் பாக்கவே வேணாமாமேன்னு. என் வண்டில இந்த வேலைய இப்பதான் முடிச்சேன். வாங்குறதுக்கு முன்னாடி உக்காந்து கணக்கு போட்டு, ரெண்டு மூணு பேரு வண்டிய ஓட்டிப் பாத்து, மெக்கானிக் அண்ணன்கிட்ட சண்டை போடாத குறையா பேசித்தான் முடிவெடுத்தோம். அதை முழுசா எழுதி வைக்கிறேன், கடலோரத்துல வண்டி வச்சிருக்கிற யாருக்காவது உதவும்.

வண்டி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ எஞ்சின். கம்பெனி கணக்குப்படி 80 குதிரை சக்தி, 103 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. எஞ்சின்ல எந்த மாத்தமும் பண்ணல. டயர் மட்டும் நான் வாங்கும்போதே முன்னாடி வச்சிருந்தவரு 235/75 ஆர்15 போட்டிருந்தாரு, கம்பெனி அளவு 205/70 ஆர்15. வீடு தங்கச்சிமடம், வேலை ராமநாதபுரத்துல, அதனால தினமும் பாம்பன் ரோட்டுப் பாலம் ஏறி இறங்கியாகணும். சனி ஞாயிறுன்னா வீட்டுல அவங்க எடுத்துட்டு ராமேஸ்வரம் போவாங்க. இது போக மச்சானுக்கு ஃபைபர் படகு இருக்கு, கரையிலேர்ந்து ரோட்டுக்கு ஐஸ் பெட்டி, வலை, சில நேரம் எஞ்சின் எல்லாத்தையும் சின்ன ரெண்டு சக்கர ட்ரெய்லர்ல வச்சு மணல்ல இழுத்துட்டு வர்ற வேலையும் இந்த வண்டிக்குத்தான். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா படகையே கயிறு கட்டி மேட்டுக்கு இழுக்கணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீனுக்குத்தான் கிராக்கி, அப்பதான் நம்ம வண்டிக்கும் மணல் வேலை ஜாஸ்தி. கிளட்ச் கையை விரிச்சதும் அந்த சமயத்துலதான்.

முதல்ல தெரிஞ்சது வழுக்கல் இல்ல, பெடல் கனமானது. இதை நிறைய பேரு கவனிக்கிறதில்ல. கிளட்ச் பிளேட்ட ஃபிளைவீலோட (எஞ்சின் பின்னாடி சுத்துற கனமான சக்கரம்) சேத்து அழுத்திப் பிடிக்கிறது பிரஷர் பிளேட், அதுல இருக்கிறது டயாஃப்ரம் ஸ்பிரிங், தட்டு மாதிரி விரிஞ்ச ஸ்பிரிங், பிளேட் தேயத் தேய அந்த ஸ்பிரிங் உக்கார்ற கோணம் மாறும், மாறுறப்ப முதல்ல அதோட அழுத்தம் கூடும், ரொம்ப தேஞ்சப்புறம்தான் குறையும். அதனால கேபிள் நல்லா இருக்கும்போதே கால் வலிக்க ஆரம்பிச்சா பிளேட் கடைசி கட்டத்துக்கு வந்துடுச்சுன்னு சந்தேகப்படலாம். அதுக்கப்புறம் உச்சிப்புளி தாண்டி காலி ரோட்டுல நாலாவது கியர்ல ஆக்ஸிலரேட்டர அமுக்குனா எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏறல. மணல்லேர்ந்து ட்ரெய்லரோட வெளிய வந்தா கருகுன வாடை. ஹேண்ட் பிரேக் போட்டு மூணாவது கியர்ல கிளட்ச விட்டுப் பாத்தோம், நல்ல கிளட்ச்னா எஞ்சின் பட்டுனு நின்னுடணும், இது இழுத்து இழுத்து யோசிச்சு நின்னுச்சு. இந்த சோதனைய ஒரு தடவைக்கு மேல பண்ணாதீங்க, பண்ற ஒவ்வொரு தடவையும் பிளேட்ட நாமளே எரிக்கிறோம்.

சரி, என்ன போடுறது? எனக்கு முதல்ல தெரிய வேண்டியது, நம்ம கிளட்ச்சுக்கு பிடி பத்தலையா, இல்ல வேற ஏதாவதா. கிளட்ச் தாங்குற டார்க்க கண்டுபிடிக்க கணக்கு சுலபம்தான். பிரஷர் பிளேட் அழுத்துற விசை, அதை உராய்வு எண்ணால பெருக்கு, பிளேட்டுக்கு ரெண்டு முகம் இருக்கிறதால ரெண்டால பெருக்கு, அப்புறம் உராயுற வளையத்தோட சராசரி ஆரத்தால பெருக்கு. ஒரு உதாரணத்துக்கு 190 மில்லி வெளி விட்டம், 130 மில்லி உள் விட்டம்னா சராசரி ஆரம் 80 மில்லி. அழுத்துற விசை 3500 நியூட்டன், சாதா ஆர்கானிக் லைனிங்குக்கு (பிளேட் முகத்துல இருக்கிற, இழையும் பிசினும் சேந்த உராய்வுப் பட்டை) உராய்வு எண் 0.3ன்னு வச்சா 168 நியூட்டன் மீட்டர் வருது. எஞ்சின் குடுக்கிறதே 103தான். ஒன்றரை மடங்குக்கு மேல கையிருப்பு இருக்கு. அப்ப நல்ல நிலைமைல இருக்கிற சாதா கிளட்ச் இந்த எஞ்சின்கிட்ட வழுக்க வேண்டிய அவசியமே இல்ல. டர்போ வண்டில ரீமேப் பண்ணி (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி) டார்க்க ஏத்துனவங்களுக்கு கதை வேற, அவங்களுக்கு நிஜமாவே பிடி பத்தாது. நமக்கு அப்படி இல்ல.

அப்ப ஏன் சாகுது? சூடு. பிளேட் வழுக்குற நேரம் எப்பன்னா வண்டிய நகத்துற அந்த சில நொடிதான், கியர் பூட்டி முழுசா பிடிச்சப்புறம் அங்க தேய்மானமே கிடையாது. சமதளத்துல எஞ்சின் ஒரே வேகத்துல சுத்த, நின்ன வண்டி மெல்ல அந்த வேகத்துக்கு வந்து சேருதுன்னா, சேர்ற நேரத்துல வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் இருக்கோ கிட்டத்தட்ட அதே அளவு சூடு கிளட்ச்ல இறங்கிடும். வண்டி, ஆளு, ட்ரெய்லர், ஐஸ் எல்லாம் சேத்து 1800 கிலோன்னு வைங்க. முதல் கியர்ல எஞ்சின் 1500 சுத்துல இருக்கும்போது வண்டி வேகம் ஏறக்குறைய மணிக்கு 10 கிலோமீட்டர். கணக்கு போட்டா 7000 ஜூல் பக்கம் வருது, ஒரே ஒரு புறப்பாட்டுக்கு, அதுவும் கெட்டி ரோட்டுல. மணல்னா சக்கரம் புதையுற எதிர்ப்பையும் அதே நேரத்துல தள்ளணும், வழுக்குற நேரமும் நீளுது, சூடு பல மடங்கு. இதுல டயர் கதையும் இருக்கு. 205/70 ஆர்15 டயர் உயரம் 668 மில்லி, 235/75 ஆர்15 உயரம் 733 மில்லி கிட்ட, கிட்டத்தட்ட 10 சதவீதம் கூட. அதே கியர்ல கிளட்ச் பூட்டுற வேகமும் 10 சதவீதம் கூடுது, ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல போறதால சூடு 20 சதவீதம் ஏறுது. பெரிய டயர் போட்டு ஸ்டைலா இருக்குன்னு சொல்றவங்க யாரும் இந்த 20 சதவீதத்த பத்தி பேசுறதில்ல.

இந்த கணக்க போட்டப்புறம் கேள்வியே மாறிடுச்சு. எவ்வளவு பிடிக்கும்ங்கிறது ரெண்டாம் பட்சம், சூட்ட எப்படி குறைக்கிறது, வர்ற சூட்ட எது தாங்கும், தினமும் காலுக்கு எது ஒத்துவரும், இந்த மூணுதான்.

செராமிக் பக்கம் மொதல்ல போனோம், ஏன்னா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. செராமிக்னு கடைல சொல்றது பெரும்பாலும் உலோகத்தூள சூட்டுல அழுத்தி செஞ்ச துண்டுங்க, முழு வளையமா இல்லாம மூணோ நாலோ ஆறோ வில்லையா இருக்கும். சூடு ரொம்பவே தாங்கும், உராய்வு எண்ணும் ஜாஸ்தி, அது உண்மை. ஆனா அது பிடிக்கிற விதம் விளக்கு சுவிட்ச் மாதிரி, ஒண்ணு இருக்கும் இல்ல இருக்காது, நடுவுல எதுவும் கிடையாது. ராமநாதபுரத்துல ஒரு தம்பி இதே ஜிப்ஸில ஆறு வில்லை போட்டிருக்காரு, வாங்கி பாம்பன் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். காலி ரோட்டுல பிரமாதம். பாலத்துல ஏறுனதும் உயிர் போச்சு. அங்க ஓட்டுனவங்களுக்குத் தெரியும், பாலத்து மேல வெளியூர் வண்டிங்க ரயில் பாலத்த பாக்குறதுக்கு ஓரத்துல நிறுத்திடும், ஒத்தை வரிசைல ஊர்ந்து ஊர்ந்துதான் போகணும், நடுவுல மேடு வேற. ஆடி அமாவாசை தை அமாவாசைன்னா கேக்கவே வேணாம். அந்த ஊர்ற வேகத்துல செராமிக் வண்டி குதிரை மாதிரி எகிறுது, உலுக்குது, பின்னாடி இருக்கிற ஜாயிண்ட் எல்லாம் டக்கு டக்குனு சத்தம் போடுது. அந்த அதிர்ச்சி எல்லாம் கடைசில போய் உக்கார்றது கியர் பாக்ஸ்லயும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ்லயும்தான். ஃபிளைவீல் முகத்தையும் அது சீக்கிரம் அரிச்சிடும். வீட்டுல அவங்களும் ஓட்டுற வண்டிக்கு இது சரிப்படாதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

கெவ்லார் இழை லைனிங் பத்தியும் விசாரிச்சேன். மெதுவா பிடிக்கும், தேய்மானமும் கம்மி. ஆனா அது படிஞ்சு உக்கார ரொம்ப தூரம் பொறுமையா ஓட்டணும், அதுக்குள்ள ஒரு தடவை நல்லா சூடு ஏறி மேல் முகம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுன்னா திரும்ப பழைய பிடி வராது. ஆர்கானிக் லைனிங் சூட்டுல பிடி குறைஞ்சாலும் ஆறுனப்புறம் பெரும்பாலும் மீண்டு வரும். மணல்ல என்னைக்கு எவ்வளவு சூடாகும்னு சொல்ல முடியாத எனக்கு, மன்னிக்கிற குணம் இருக்கிற பிளேட்தான் வேணும்.

பெரிய விட்டமுள்ள பிளேட் போட ஒரு வழி சொன்னாங்க, சூட்டுக்கு அதுதான் உண்மையான மருந்து, பரப்பு கூடுதே. ஆனா அதுக்கு ஃபிளைவீல்ல புது ஓட்டை போடணும், இல்ல ஃபிளைவீலையே மாத்தணும், அப்புறம் பேலன்ஸ் பாக்கணும், நடுரோட்டுல பிளேட் போச்சுன்னா எந்த ஊர் கடைலயும் நம்ம அளவு கிடைக்காது. தினசரி ஓட்டுற வண்டிக்கு நான் இதை சிபாரிசு பண்ண மாட்டேன். லேசான ஃபிளைவீல் போடச் சொன்னவங்களும் உண்டு, அது நமக்கு நேர் எதிரி. கனமான ஃபிளைவீல்தான் சுழற்சில ஆற்றல சேத்து வச்சு, மணல்ல கிளட்ச விடும்போது எஞ்சின் விழாம தாங்கிப் பிடிக்குது. லேசாக்குனா ஜாஸ்தி ஆக்ஸிலரேட்டர் குடுத்து, ஜாஸ்தி வழுக்க விட்டு எடுக்கணும், திரும்ப சூடு.

கடைசில எடுத்தது இதுதான். கம்பெனி விட்டத்துலயே, நெய்த வகை ஆர்கானிக் லைனிங், செம்புக் கம்பி இழை கண்ணுக்கு நல்லாத் தெரியுற பிளேட், நடுவுல ஸ்பிரிங் வச்ச ஹப். அதோட அழுத்தம் 15 சதவீதம் கூடன்னு சொல்லி விக்கிற பிரஷர் பிளேட். ஸ்பிரிங் இல்லாத கெட்டி ஹப் பக்கமே போகாதீங்க, எஞ்சினோட துடிப்ப கியருக்குப் போகாம உறிஞ்சுறதே அந்த ஸ்பிரிங்தான்.

15 சதவீதத்துக்கு மேல ஏன் போகலன்னா, அழுத்தம் கூடுனா நம்ம கால் மட்டும் கஷ்டப்படல. ஜிப்ஸில கேபிள் கிளட்ச். கேபிள், பெல் ஹவுசிங்குக்குள்ள (கிளட்ச மூடியிருக்கிற கூடு) போற ரிலீஸ் ஷாஃப்ட், அதோட புஷ், பெடல அமுக்குனா டயாஃப்ரம் ஸ்பிரிங்க தள்ளுற ரிலீஸ் பேரிங் எல்லாம் அந்த பாரத்த சுமக்கும். பெடல அமுக்குற ஒவ்வொரு தடவையும் கிராங்க் ஷாஃப்ட்ட முன்னாடி தள்ளுறோம், அதை தாங்குறது எஞ்சினுக்குள்ள இருக்கிற சின்ன த்ரஸ்ட் வாஷர்தான். அதிக அழுத்தமுள்ள பிளேட்ட போட்டுட்டு சிக்னல்ல கியர்லயே கிளட்ச அமுக்கிட்டு நிக்கிறவங்க, எஞ்சின் பிரிக்கிற செலவுக்கு இப்பவே காசு சேத்து வைக்கணும்.

சாமான் மதுரைலேர்ந்து வரவழைச்சோம். எக்செடி, வேலியோ, லூக் மாதிரி தெரிஞ்ச பேரு எதை வாங்குனாலும் பெட்டிய பாத்து மட்டும் வாங்காதீங்க, பிளேட்ட கைல எடுத்துப் பாருங்க. லைனிங்க பிடிச்சிருக்கிற ரிவெட் தலை எல்லாம் ஒரே ஆழத்துல இறங்கியிருக்கணும், ரெண்டு லைனிங்குக்கும் நடுவுல அலை அலையா மெல்லிசு ஸ்பிரிங் தகடு இருக்கணும், விரலால அழுத்துனா லேசா கொடுக்கணும். அந்த தகடுதான் கிளட்ச் பூப்போல பிடிக்கிறதுக்கு காரணம். போலி பிளேட்ல பெரும்பாலும் மிச்சம் பிடிக்கிற இடம் அதுதான். செராமிக் செட்டுக்கு சொன்ன விலைல இந்த செட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கேபிள், ஆயில் சீல் ரெண்டு, ஃபிளைவீல் லேத் கூலி எல்லாம் முடிஞ்சு மீதியும் இருந்துச்சு.

கழட்டுற வேலை ஜிப்ஸில ஒண்ணும் பெரிய விஷயமில்ல, முன் சக்கரம் இழுக்கிற வண்டி மாதிரி ஆக்ஸில் எல்லாம் உருவ வேண்டியதில்ல. பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு, உள்ளேர்ந்து கியர் லிவர எடுத்துட்டு, கீழ போய் கியர் பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன் பின் சக்கரத்துக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) நடுவுல இருக்கிற குட்டி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ரிவர்ஸ் லைட் ஒயர், கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், சைலன்சர் குழாய்ல இடிக்கிற பகுதி, கடைசில கியர் பாக்ஸ் மவுண்ட்டும் பெல் ஹவுசிங் போல்ட்டும். கழட்டுறப்ப ஷாஃப்ட் ஃபிளாஞ்ச்ல ரெண்டு பக்கமும் சுண்ணாம்புல கோடு போட்டுக்குங்க, அதே நிலைல மாட்டுனாத்தான் அதிர்வு வராது. வேலைல பாதி நேரம் போனது துருப்பிடிச்ச போல்ட்டோட மல்லுக்கட்டித்தான். உப்புக்காத்து எங்க ஊரு போல்ட்ட எல்லாம் ஒண்ணா பத்த வச்ச மாதிரி ஆக்கிடும், முந்தின நாள் சாயந்திரமே துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டதால ஒண்ணு கூட உடையல.

உள்ள பாத்தது எல்லாம் கணக்கு சொன்னதுக்கு சாட்சி. பிளேட் ரிவெட் தலை தெரியுற அளவுக்கு தேஞ்சிருந்துச்சு, ஃபிளைவீல் முகத்துல நீலமா திட்டுத் திட்டா சூட்டுப் புள்ளி, நடுவுல நடுவுல முடி மாதிரி மெல்லிய வெடிப்பு. பெல் ஹவுசிங் அடில ஒரு கை அள்ளுற அளவுக்கு மணல், ரிலீஸ் ஷாஃப்ட் போற இடத்துல ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு, அது வழியாத்தான் போயிருக்கு. மணலும் உப்புத்தண்ணியும் சேந்து ஷாஃப்ட் புஷ் பாதி இறுகிப் போய், கையால திருப்புனா கரகரங்குது. பெடல் கனத்துல ஒரு பங்கு இதுவும்தான். புது பிரஷர் பிளேட்ட போட்டு இந்த புஷ்ஷ அப்படியே விட்டிருந்தா கேபிள் சீக்கிரமே அறுந்திருக்கும்.

அந்த கருப்புத் தூள கம்ப்ரஸர் காத்துல ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு, எது எப்பப் போட்டதுன்னு நமக்குத் தெரியாது. தண்ணி நனைச்ச துணியால தொடச்சு எடுத்தோம், மெக்கானிக் அண்ணன்கிட்ட வேலை பழகுற பையன் மூக்குல துணி கட்டுற வரைக்கும் அண்ணன் அவன வண்டிக்கு கீழயே விடல.

ஃபிளைவீல ராமநாதபுரம் லேத் பட்டறைல குடுத்து முகம் எடுத்தோம். இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. சூட்டுப் புள்ளி இருக்கிற இடம் மத்த இடத்த விட கெட்டியாயிடும், புது பிளேட் அது மேல ஒரே சீரா உக்காராது, முதல் நாள்லேர்ந்தே உலுக்கும். வெடிப்பு ஆழமா இருந்தா முகம் எடுத்து பிரயோஜனம் இல்ல, ஃபிளைவீலையே மாத்தணும், எங்களுக்கு மேலாப்புலயே போயிடுச்சு. எடுத்தப்புறம் நகத்தால தடவுனா எங்கயும் மாட்டக் கூடாது. எஞ்சின் பின் பக்க ஆயில் சீல், கியர் பாக்ஸ் முன் பக்க சீல் ரெண்டையும் கசிவு இல்லாட்டியும் மாத்தினோம், கியர் பாக்ஸ் ஏற்கனவே கீழதான் இருக்கு, பின்னாடி ஒரு சொட்டு எண்ணெய் பிளேட்ல விழுந்தா எவ்வளவு விலை உயர்ந்த கிளட்ச்சும் குப்பைதான். ஷாஃப்ட் புஷ் புதுசு, ரப்பர் புதுசு.

மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது: புது பிரஷர் பிளேட் முகத்துல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் பூசியிருப்பாங்க, அதை ஃபிளைவீல் முகத்தோட சேத்து பிரேக் கிளீனர் போட்டு தொடச்சே ஆகணும், அப்புறம் கை படக்கூடாது. பிளேட்ல ஹப் ஸ்பிரிங் புடைச்சிருக்கிற பக்கம் கியர் பாக்ஸ பாத்து இருக்கணும். நடு மையம் பாக்க பழைய கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் ஒண்ணு பட்டறைல இருந்துச்சு, அதை சொருகி நேரா நிறுத்திட்டு பிரஷர் பிளேட் போல்ட்ட குறுக்க குறுக்க கொஞ்சம் கொஞ்சமா டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குனோம், ஒரு பக்கமா இறுக்குனா கவர் கோணிக்கும், அப்புறம் கியர் விழும்போது கரகரன்னு ஒட்டிட்டே இருக்கும். ஸ்ப்ளைன்ல (பிளேட் மாட்டுற இன்புட் ஷாஃப்ட் பல்லு) கிரீஸ் மெல்லிசா தடவி துணியால வழிச்சு எடுத்தாச்சு, கொழுக்க வச்சா சுத்துற வேகத்துல லைனிங் மேல தெறிக்கும். கேபிள் போட்டப்புறம் ரிலீஸ் கை நுனில 2லேர்ந்து 4 மில்லி வரைக்கும் ஆட்டம் விட்டோம். ஆட்டமே இல்லாம இறுக்குனா ரிலீஸ் பேரிங் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும், பிளேட்டும் பாதி திறந்த மாதிரி வழுக்கும்.

முதல் 800 கிலோமீட்டர் ட்ரெய்லர் கிடையாது, மணல் கிடையாதுன்னு மச்சான்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன், அவரும் பக்கத்து வீட்டு ஆட்டோல பெட்டி ஏத்தி சமாளிச்சாரு. ஆர்கானிக் பிளேட் படியுறதுக்கு நல்லது நெடுஞ்சாலை இல்ல, ஊருக்குள்ள நிறுத்தி நிறுத்தி எடுக்குற ஓட்டம்தான், ஒவ்வொரு புறப்பாட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா முகம் முகத்தோட ஒத்துப்போகும். தங்கச்சிமடம் ராமேஸ்வரம் கடைத்தெரு அதுக்கு வசதியா இருந்துச்சு. முதல் கொஞ்ச நாள் லேசா வாடை வந்துச்சு, அது லைனிங்ல இருக்கிற பிசின் ஆறுறது, பயப்பட வேணாம், தொடர்ந்து வந்தாதான் பாக்கணும்.

பெடல் கம்பெனி வண்டிய விட ஒரு இழை கனம், பழைய தேஞ்ச செட்டோட ஒப்பிட்டா ரொம்ப லேசு. வீட்டுல அவங்க ஓட்டிட்டு வந்து மாத்துனதே தெரியலன்னாங்க, தினசரி வண்டிக்கு இதை விட நல்ல சான்றிதழ் எனக்கு வேணாம். பாலத்து மேட்டுல ஊர்ந்து போறப்ப எகிறல், உலுக்கல் எதுவும் இல்ல. அங்க நிக்க வேண்டி வந்தா ஹாஃப் கிளட்ச்ல வண்டிய தொங்க விடாம ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு நியூட்ரல்ல நிக்கிறேன், முன்னாடி வண்டி நகந்து நல்லா இடம் விட்டப்புறம்தான் எடுக்குறேன்.

படிஞ்சப்புறம் மணலுக்கு கொண்டு போனோம். இங்கதான் ஜிப்ஸிக்காரங்க எல்லாரும் கேக்கணும்னு நினைக்கிறேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல ஹை விகிதம் 1.409, லோ விகிதம் 2.268. ஃபோர் லோல, அதாவது நாலு சக்கரமும் லோ விகிதத்துல இழுக்குற மாதிரி போட்டா, அதே எஞ்சின் வேகத்துல வண்டி வேகம் 10 கிலோமீட்டருக்கு பதிலா 6 சொச்சம்தான். வர்க்கம் போட்டுப் பாருங்க, அந்த 7000 ஜூல் 2700க்கு இறங்கிடுது. சக்கரத்துக்குப் போற இழுவையும் 1.6 மடங்கு கூடுது, அதனால வழுக்க விடுற நேரமும் குறையுது. எந்த ஸ்டேஜ் கிளட்ச்சும் இந்த அளவுக்கு சூட்ட குறைக்காது, இது வண்டில காசு குடுக்காம வந்த விஷயம். ஆனா நம்ம பக்கம் நிறைய பேரு மணல்ல புதைஞ்சு கருகுன வாடை வந்தப்புறம்தான் அந்த லிவரத் தொடுறாங்க. கரைல இறங்குறதுக்கு முன்னாடியே ரோட்டோரமா நிறுத்தி முன் சக்கர ஹப்ப லாக்ல திருப்பிட்டு, டயர் காத்த கொஞ்சம் இறக்கிட்டு, நின்ன வண்டில ஃபோர் லோ போட்டுட்டு இறங்குங்க. திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் டூ வீலுக்கு மாத்திடுங்க, கெட்டி ரோட்டுல ஃபோர் வீல்ல திருப்புனா முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கு ஏறி கியரையே உடைக்கும். காத்தையும் மறக்காம அடிச்சுக்குங்க.

தென்கடல் பக்கம் மணல் பொலபொலன்னு இருக்கும், வடகடல் பக்கம் சேறும் கலந்து வரும், ரெண்டுலயும் இப்ப ட்ரெய்லரோட ஏறிட்டோம், வாடை வரல. ரிவர்ஸ்ல ட்ரெய்லர தண்ணிப் பக்கம் தள்ளுறப்பதான் கை கால் ரெண்டும் தடுமாறி ஹாஃப் கிளட்ச் நீளும், அதையும் லோல பண்ணா வண்டி தானா மெதுவா ஊர்ந்து போகும், கிளட்ச முழுசா விட்டுட்டு ஸ்டியரிங்க மட்டும் பாத்தா போதும்.

இனிமே பாக்க வேண்டியது உப்புதான். வாடைக்காத்து காலத்துல மழையும் சேந்து வண்டி கொஞ்ச நாள் நின்னுச்சுன்னா ஃபிளைவீல் முகத்துல மெல்லிசா துரு பூத்து பிளேட் ஒட்டிக்கும், கிளட்ச அமுக்குனாலும் கியர் விழாது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நிறுத்துனா அந்த தொல்லை இருக்காது. கரைக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சு கழுவுறோம், ரிலீஸ் ஷாஃப்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு விரல விட்டுப் பாத்துக்கிறோம். கேபிள் ஆட்டத்த 800 கிலோமீட்டர்ல ஒரு தடவை சரி பண்ணியாச்சு, பழைய கேபிள் ஒண்ணு இன்னும் நல்லா இருக்கிறதால எண்ணெய் விட்டு சுருட்டி சீட்டுக்கு அடில போட்டு வச்சிருக்கேன், தனுஷ்கோடி ரோட்டுல கேபிள் அறுந்தா அங்க எந்தக் கடையும் கிடையாது.